கைப்பிடிக் குழியில் நான்கு கீறல்

கண்ணாடியார் மெருகேற்றிய வண்டியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். இது ஈக்களுக்கும் தெரியும் என்பதால் அவை அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போகும். ஒருமுறை அவர் முடித்து நிறுத்திய கறுப்பு வண்டியின் கதவில் தன் முகத்தைப் பார்த்த வங்கி அதிகாரி ஒருவர், "யாருய்யா இந்தச் சிடுமூஞ்சி?" என்று கேட்டார். பதில் புரிந்ததும் நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் இன்றும் பட்டறையைத் தாண்டும்போது கண்ணாடியாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறார்.

இப்பேர்ப்பட்டவருடைய மனைவியின் வண்டி, பதினோரு வருஷமாகச் சோப்புத் தண்ணீருக்கு மேல் எதையும் கண்டதில்லை.

"ஊரான் வண்டியில ஈ வழுக்குது. என் வண்டியில கீரை விதைச்சா ரெண்டு அறுப்பு அறுக்கலாம்" என்பாள் அவள்.

"அடுத்த வாரம் போட்டுடலாம்."

"எந்த வருஷத்து அடுத்த வாரம்?"

அவள் தையல்காரி. மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தலை சுற்றுகிறது என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அன்றோடு அடுத்த வாரமும் முடிந்துபோயிற்று.

இந்த வாரம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா வண்டிய வித்துடாதீங்க. ஞாயித்துக்கிழமை வந்து நானே எடுத்துக்கிறேன். இங்க கடல் பக்கம், உப்புக்காத்து. கோட்டிங் போட்டுக் குடுங்க."

"சரிம்மா."

"அம்மாவுக்குத்தான் போட்டுக் குடுக்கல."

ஈயைக் கவிழ்த்த மனிதர், போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த வெள்ளை வண்டியை உள்ளே கொண்டுவந்தார்.

கோட்டிங் என்பது கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு படலம். பூசிவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் அடியில் அழுக்கு இருந்தால் அழுக்கையும், கோடு இருந்தால் கோட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே பூசுவது ஒரு மணி நேர வேலை, அதற்குப் பெயின்ட்டைத் தயார் செய்வதுதான் இரண்டு நாள் வேலை. சோறு வடிப்பதை விட அரிசியில் கல் பொறுக்க நேரமாகும் என்பது போலத்தான்.

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவினார். பிறகு இரும்புத்தூள் கரைக்கிற மருந்தைத் தெளித்தார். வெள்ளைக் கதவுகளில் இரும்புத்தூள் கரைந்து, காயத்திலிருந்து வழிவது போல ஊதா நிறம் கோடுகோடாக வழிந்தது. ஆயிரம் வண்டியில் பார்த்ததுதான். இந்த வண்டியில் மட்டும் அதைப் பார்க்கப் பிடிக்காமல், ஊறுவதற்கு முன்பே தண்ணீர் பீய்ச்சிவிட்டு, மறுபடி தெளிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு, பிசைந்த மாவு போன்ற களிம்புக்கட்டியால் ஒவ்வொரு சாணாகத் தேய்த்தார். பதினோரு வருஷத்துத் தார்ப்புள்ளியும் மரப்பிசினும் கட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தன. உள்ளங்கையால் தடவினால் கை தானாக நழுவியது.

மறுநாள் காலை துடைத்துக் காய வைத்து, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பார்வையிட்டார். பெயின்ட்டில் இருக்கும் மயிரிழைக் கீறலும் அந்த விளக்குக்கு முன்னால் வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடும். பானெட் முடிந்தது. மேல்தட்டு முடிந்தது. ஓட்டுநர் கதவுக்கு வந்து, கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழைகிற குழியில் வெளிச்சத்தை இறக்கினார்.

நான்கு கீறல்கள் இருந்தன.

எல்லா வண்டியிலும் அந்த இடத்தில் நகக்கீறல் இருக்கும். ஆனால் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அவள் இடதுகைக்காரி. தையல் பிரிக்க வசதி என்று நகத்தையும் வளர்த்து வைத்திருந்தாள். வலது கையில் துணிமூட்டையோடு வந்து, இடது கையின் நான்கு விரலால் கதவை வெடுக்கென்று இழுப்பாள். "கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அவர் கேட்டால், "உங்களைத் திறக்க முடியலையே, அதான் இதையாவது திறக்கிறேன்" என்பாள்.

அவளுடைய துணிமணிகளை அவள் தங்கச்சி எடுத்துப் போயிருந்தாள். தையல் மெஷினும் கைமாறிவிட்டது. இந்த நான்கு கோடுகள் மட்டும் யார் கண்ணிலும் படாமல் இங்கே இருந்திருக்கின்றன.

கண்ணாடியார் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். இதன் மேல் கை வைக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். கீறலை விட்டுவிட்டுக் கோட்டிங் போடுவது தொழிலுக்கே அவமானம்தான். போகட்டும். படலத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கட்டும்.

மற்ற இடங்களை மெருகேற்றும்போது கை பழக்கதோஷத்தில் இங்கேயும் வந்துவிடக் கூடாதே என்று டேப்பைக் கிழித்தார். குழியை மூடி ஒட்டியிருந்தால் கதை வேறு. ஆனால் மூடிவிட்டால் பார்க்க முடியாது. அதனால் கைப்பிடியைச் சுற்றி, போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி, நான்கு பக்கமும் ஒட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பாலிஷ் வட்டுகள் தீர்ந்திருந்தன. கடைவீதிக்குப் போய் வாங்கி, தெரிந்தவர்கள் நாலு பேர் நிறுத்தித் துக்கம் விசாரித்ததற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது.

உள்ளே மைத்துனன் இருந்தான். அவள் உடன்பிறந்த தம்பி. பதினான்கு வருஷமாக இவரிடம்தான் வேலை. இன்று உனக்கு வேலை இல்லை, வராதே என்று சொல்லியிருந்தும் வந்திருந்தான். ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனி சிவந்திருந்தது.

"வாங்க மாமா. திட்டாதீங்க. அக்கா வண்டின்னா வீட்ல இருப்புக் கொள்ளல."

கண்ணாடியார் கதவைப் பார்த்தார். டேப்பைக் காணோம். உருட்டிய நீலப் பந்தாகத் தரையில் கிடந்தது.

அந்தப் பட்டறையில் டேப்புக்கு இரண்டு பாஷை. ரப்பர் ஓரத்தின் மேல் ஒட்டினால், இங்கே கை படாதே. ஒரு கீறலைச் சுற்றி நான்கு பக்கமும் ஒட்டினால், இதை எடுக்காமல் விடாதே. அந்தப் பாஷையை உண்டாக்கியவரே கண்ணாடியார்தான். புரியாமல் நின்ற மைத்துனனைப் பழைய நாளில் எத்தனை வசவு வைதிருப்பார்!

"சுத்தி டேப் போட்டிருந்தீங்களே, பாத்தேன்" என்றான் அவன். "அந்தக் குழிக்குள்ள மெஷின் எங்க போகுது? விரலாலேயே தேச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. என்னா ஆழம்ங்கிறீங்க! நகமா அது, உளி. சின்ன வயசுல என் முதுகுல கீறினவதானே." சிரிக்கப் போனவன் துணியை உதறி மடித்தான். "எத்தன தடவ உங்கள்ட்ட கேட்டிருப்பா, மாமா. அவ இருக்கும்போது நானாவது பண்ணியிருக்கலாம். போன பிறகாவது நம்ம கையால ஒரு வேலை."

கண்ணாடியார் கைவிளக்கை எடுத்தார். குழிக்குள் வெளிச்சத்தை இறக்கினார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். குறை சொல்ல இடமே இல்லை. பதினான்கு வருஷத்தில் அவன் செய்த வேலைகளில் இதுதான் முதல் தரம். உள்ளே வெள்ளை வெளேரென்று, நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

மைத்துனன் எழுந்து நின்றான். அவனுடைய கண்கள் விளக்கைப் பார்க்கவில்லை, அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்லா எடுத்திருக்கடா மாப்ள."

"நெசமாவா?"

"ம்."

"இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் அந்த வார்த்த உங்க வாய்ல வருது." அவன் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா கேட்டிருக்கணும்."

கண்ணாடியார் விளக்கை அணைக்கவில்லை. பின்கதவுக்கு நகர்ந்தார். அதன் கைப்பிடிக் குழியைப் பார்த்தார். டிக்கியின் விளிம்பு, அவள் மூட்டையை உரசி ஏற்றும் இடம், அதையும் பார்த்தார். மறுபக்கக் கதவுகள், பக்கக் கண்ணாடியின் அடிப்பாகம், பெட்ரோல் மூடி என்று, எந்த வாடிக்கையாளர் வண்டிக்கும் இவ்வளவு நிதானமாகப் பார்த்திராதவர், முழங்காலிட்டு வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். விளக்கு வெளிச்சத்தில் துணி துடைத்த பொடிக்கோடுகள் தெரிந்தன; அவள் கையைப் பற்றி வண்டி எதையும் சொல்லாமல் நின்றது.

மைத்துனன் புதுத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு தயாராகப் பின்னாலேயே வந்தான்.

"இன்னும் எங்கயாவது அக்கா நகம் பட்ட கோடு இருக்கா மாமா?"

"இல்லடா" என்றார். "எல்லாத்தையும் எடுத்துட்டோம்."