ஆரஞ்சுக்குப் பின்னால் புகை

வாசனைத் தைலம் கலக்கும் அந்தச் சின்னப் பட்டறையில் எல்லாரும் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அவள் மோந்து பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்பேர்ப்பட்ட மூக்கு ஒரு வாரக் காய்ச்சலில் படுத்துவிட்டது. காய்ச்சல் போனது, வாசனை திரும்பவில்லை. சோப்பு, காப்பி, மழை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா புது வேலை ஒன்றைக் கொடுத்தாள். ஆரஞ்சும் சாம்பிராணியும் சேர்ந்த சென்ட். "விசேஷத்துக்கு இல்லம்மா. தினமும் வேலைக்குப் போட்டுட்டுப் போறாப்பல இருக்கணும்."

மூக்கு போனதை மூக்கம்மா சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு, தைலப் புட்டிகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"என் மூக்கையா நம்புற? பாதி சாக்கடையோட போச்சு."

"மீதி போதும். மோந்து பாருங்க."

தைலத்தில் நனைத்து நீட்டிய காகிதக் கீற்றை அவர் பயந்து பயந்து வாங்கினார். "நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா, எப்படி?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு."

ஆரஞ்சோடு சேர்த்த எலுமிச்சை கூடிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டு சொட்டுக் குறைத்துக் கலந்தாள்.

"இப்போ?"

"யாரோ பெரிய மனுஷன் வந்து உட்கார்ந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கிறார்."

சாம்பிராணி கனம். அதையும் குறைத்தாள்.

ஞாயிறு மதியங்கள் இப்படியே நகர்ந்தன. திரைச்சீலை உப்பித் தணியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசப் பேச, சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஆரஞ்சு வெளிச்சம் பரவுவதும், அதன் நடுவே நூல் மாதிரி ஒரு புகை ஏறுவதும் அவளுக்குத் தெரிந்தன. இவ்வளவு பேச்சை இந்த மனுஷர் இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

ஆறாவது ஞாயிறு அவர் கீற்றை மூக்கை விட்டு எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலையில குளிச்சு முடிச்சுக் கிளம்புறேன். சாயங்காலம் வர்ற வரைக்கும் வீடு எனக்காக முழிச்சுட்டு இருக்குது."

மூக்கம்மா அளவுகளை எழுதிக்கொண்டாள்.

முதலாளியம்மா மணிக்கட்டில் தடவி மோந்தாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மோந்தாள். "இதான்மா. இதேதான்."

மூக்கம்மாவுக்கு நெஞ்சு உறுத்தியது. "அம்மா, எனக்கு ஒரு வாசனையும் தெரியலை. மூணு மாசமாச்சு."

"தெரியும். அன்னிக்கு நம்ம பட்டறை அடுப்புல பால் கருகுது, நீ பக்கத்துலயே நின்னு சிரிச்சுப் பேசிட்டிருந்தே. நீயா சொல்லட்டும்னு இருந்தேன். வேலைக்கு வந்துட்டே இரு."

சென்ட் கடைகளுக்குப் போயிற்று. அவள் பட்டறையில் அளவு பார்க்கும் வேலையைச் செய்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் பல் டாக்டரைப் பார்க்க லிஃப்டில் ஏறினாள். மூன்றாவது மாடிப் பொத்தானை அமுக்கிவிட்டு நின்றபோது, ஆபீஸ் பையோடு ஒரு பெண் ஓடிவந்து உள்ளே நுழைந்தாள். கதவு மூடியது. மூக்குக்குள் எங்கேயோ ஊசிமுனை அளவுக்கு ஏதோ குத்தியது. ஆரஞ்சுத் தோல். மூக்கம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். மூன்றாவது மாடி வந்தது, போனது. ஆறாவது மாடிக்குப் போகும்போது பின்னாலிருந்து மெல்ல, தயங்கித் தயங்கி, புகை வந்தது.

"உங்களுக்கு எந்த மாடிங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எதுவானாலும் சரிம்மா."

ஒன்பதாவது மாடியில் அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே இறங்கி, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். நனைந்த குடைத்துணி, சுவரின் புதுப் பெயிண்ட், தன் உள்ளங்கையில் ஒட்டிய இரும்புக் கைப்பிடி வாசம். ஒவ்வொன்றாக வந்தன. பல் டாக்டர் நேரம் தப்பிப்போனதை அவள் கவனிக்கவே இல்லை.