ஒரு விரற்கடை

என் பட்டறையில் ஹேண்டில் பார் பொருத்த அளவுகோல் கிடையாது. ஆளை வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடி இரண்டு கைகளையும் சும்மா முன்னால் நீட்டச் சொல்வேன். கை எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் ஹேண்டில். இருபது வருடமாக இந்தக் கணக்கு பிசகியதே இல்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

அக்கா வீட்டுக்காரர் முதல் தடவை வந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன். மருந்துக் கடை கடையாகச் சரக்குப் போடுகிற வேலை அவருக்கு. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

"கிளட்ச் புடிக்க எட்ட மாட்டேங்குது மாப்ள. தோள்பட்டை இழுக்குது."

"வயசாகுதுல்ல மாமா, குட்டையாயிட்டே வர்றீங்க" என்று கிண்டலடித்தேன்.

கண்ணை மூடினார். இடது கை கொஞ்சம் உள்ளடங்கித்தான் நின்றது. அதற்குத் தோதாக நான்கு போல்ட்டையும் தளர்த்தி, ஹேண்டிலை ஒரு விரற்கடை பின்னால் சாய்த்து முடுக்கினேன். ஒரு சுற்று போய்விட்டு வந்து, "மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். இன்னொரு விரற்கடை இழுத்தேன். மூன்றாம் முறை ஹேண்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினேன். குழந்தைகூடப் பிடிக்கலாம் என்கிற அளவுக்குக் கிளட்ச்சை லேசாக்கினேன். வலது பக்கத்தைப் பற்றி மனுஷன் ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லை. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? மரமண்டை!

நான்காம் முறை கண்ணை மூடி உட்கார்ந்தார். வலது கை நேராக முன்னால் போனது. இடது கை பெட்ரோல் டாங்க் மேலேயே கிடந்தது.

"ரெண்டு கையையும் நீட்டுங்க மாமா."

"நீட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

கையில் ஸ்பேனர் இருந்தது. அதை வைத்து எதைத் திருகுவது என்று தெரியவில்லை.

அன்றே அக்காவையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். படமெடுத்துவிட்டு மறுநாள் வரச் சொன்னார்கள். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்தால் இதற்குமேல் மோசமாகாது, போன பலம் திரும்புவது சந்தேகம், இனி வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாமே. மூணு மாசமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மாமா நல்ல கையால் என் தோளைத் தட்டினார். அவர் குரலில் எள்ளளவும் குத்தல் இல்லை, பெருமைதான் இருந்தது.

"நான் ஒண்ணும் சும்மா இருந்துடலைங்க. எட்டலைன்னு போய் நிக்கிறப்பல்லாம் எங்க மாப்ளதான் பக்கத்துல இழுத்து இழுத்துக் குடுத்தாரு."