முன்னும் பின்னும் இரண்டு விநாடி

ஐந்தாவது ஹார்டு டிஸ்க்கையும் லேப்டாப்பில் செருகிவிட்டு, அம்மாவைத் திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தாள் தங்கை. பார்த்தால் கேட்பாள். அக்காவைத் தகனம் செய்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. அதற்குள் நான்கு முறை கேட்டாகிவிட்டது.

"அவ குரலை ஒரு தடவை போடேன். உன்கிட்ட இல்லாததா?"

இல்லாததுதான். அதை எந்த வாயால் சொல்வது?

அக்கா ஒலிப்பதிவு செய்பவள், தங்கை எடிட்டர். பன்னிரண்டு வருடமாக இருவரும் சேர்ந்துதான் ஆவணப்படங்கள் செய்தார்கள். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அக்காவுக்குப் போனில் பேசுவதென்றால் வேப்பங்காய். எதுவானாலும் எழுதித்தான் அனுப்புவாள். வீட்டு வீடியோக்களிலும் ஓரமாக நின்று சிரிப்பதோடு சரி. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் வாய் திறக்கும் ஒரே இடம் ஷாட்டின் தொடக்கம். படம் கேமராவில் பதியும், பேச்சு தனி ரெக்கார்டரில் பதியும். இரண்டையும் பிறகு ஒட்ட வேண்டுமே. அதற்காக ஷாட் எண்ணைச் சொல்லி, கேமரா முன்னால் ஒரு தடவை கை தட்டுவாள். கை சேரும் படத்தையும் தட்டிய சத்தத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டால் உதடும் பேச்சும் பிசகாது. பொருத்தி முடித்ததும் தங்கை செய்கிற முதல் வேலை, அக்காவை வெட்டி எறிவது.

எடிட்டில் மட்டும் வெட்டியிருந்தால் பரவாயில்லை. டிஸ்க்குகள் மூச்சுமுட்ட நிரம்பிக்கொண்டே இருந்தன. படம் முடிந்ததும் அதில் வந்த துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடுவது என்று திட்டம் போட்டவளும் இவள்தான். கொஞ்சம் பொறுத்து அழிக்கலாமே என்று அக்கா எழுதியிருந்தாள். இவள் கேட்டால்தானே. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதிகள், இரண்டும் துடைத்துவைத்த மாதிரி சுத்தம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியான அந்த ஐந்தாவது டிஸ்க்கில் ஒரு தையல்காரரின் பேட்டி இருந்தது. கை போன போக்கில் அதை ஓடவிட்டாள். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஒரு குரல் கேட்டது.

"ம்... சொல்லுங்க."

அழிக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் இரண்டு விநாடி மிச்சம் வைப்பது வழக்கம். பிறகு வெட்டிய இடத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டிவந்தால் உதவும் என்பதற்காக. அந்த இரண்டு விநாடிக்குள் ஷாட் எண்ணும் கைதட்டலும் வரவில்லை. ஆனால் தட்டி முடித்து, பேட்டி கொடுப்பவர் பக்கம் திரும்பி அக்கா சொன்ன ஒற்றை வார்த்தை தப்பித்திருந்தது.

ஒவ்வொரு டிஸ்க்காகத் திறந்து தேடினாள். செவிலி, லாரி ஓட்டுநர், கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்று யார் யாரோ வந்தார்கள். அவர்கள் பேசத் தொடங்கும் இடத்தில் வெட்டி, அக்காவை மட்டும் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருட வேலையில் நாற்பத்து மூன்று தேறின.

"இவ்வளவுதாம்மா இருக்கு. மத்ததெல்லாம் நான்தான் அழிச்சேன்."

அம்மா திட்டவில்லை. நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். ஒவ்வொன்றும் அதே வார்த்தைதான், அம்மாவுக்கு மட்டும் ஒவ்வொன்றும் வேறு. இதில் சளி பிடித்திருக்கிறது என்றாள். இதில் காலையில் சாப்பிடவில்லை என்றாள். இன்னொன்றில், யார்மேலோ கோபம், வெளியில் காட்டிக்கொள்ளமாட்டாள் கள்ளி, என்று சிரித்தாள். தங்கைக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் கேட்டு வெட்டியவள் இவள், இதில் ஒன்றுகூட இவள் காதில் விழுந்ததில்லை.

பன்னிரண்டாவது வந்தது.

"ம்... சொல்லுங்க."

"செவ்வாக்கிழமை போன் பண்ணேன்," என்றாள் அம்மா ஸ்பீக்கரைப் பார்த்து. "நீ எடுக்கல."

தங்கை சட்டென்று விசையைத் தட்டி நிறுத்தினாள்.

"பெருசா ஒண்ணுமில்ல. முட்டி வலி தேவலைன்னு சொல்லத்தான் பண்ணேன்."

அம்மா திரையையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருந்தாள். தங்கை மறுபடி விசையைத் தட்டினாள்.

"ம்... சொல்லுங்க."

"அந்தப் புது டாக்டர் மாத்திக் கொடுத்தாரே மாத்திரை, அதுதான் கேட்டுது," என்று அம்மா ஆரம்பித்தாள்.

இன்னும் முப்பது இருந்தன.