கப்பு மறைக்குது

தலைமையாசிரியர் சுந்தரபாண்டியனின் அறையில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. கீழ்த்தட்டில் வட்டார அளவில் வாங்கிய கோப்பைகள். நடுத்தட்டில் மாவட்ட அளவில் வாங்கியவை. மேல்தட்டில் பூப்போட்ட விரிப்பு மட்டும் கிடந்தது. மாநில அளவில் ஒரு கோப்பை வந்து அதில் உட்காரும் என்று அவர் இந்தப் பள்ளிக்கு வந்த வாரமே விரித்து வைத்தது. பூக்களெல்லாம் வெளுத்துப் போனதுதான் மிச்சம். வருகிற மே மாதம் அவருக்கு ஓய்வு. அந்த விரிப்பின் மேல் ஒன்றும் வைக்காமல் போனால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தான் வேலை பார்த்ததற்கே அடையாளம் இருக்காது என்று அவர் மனமாரக் கவலைப்பட்டார்.

அவருடைய அண்ணன் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், தம்பி போலீஸில் ஏட்டு. குடும்பத்தில் இவர் ஒருவர்தான் சாக்பீஸைப் பிடித்தவர். அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ, காலை வழிபாட்டுக் கூட்டத்தை அணிவகுப்பாகவே நடத்துவார். மைக்கை மூன்று தட்டுத் தட்டுவார். "கேக்குதா? பின்னாடி கேக்குதா?" என்பார். பிறகு பேச்சு. "பிள்ளைகளோட திறமை பிளவக்கல் அணையில கெடக்குத தண்ணி மாதிரி. மதகத் தெறந்து விட ஒரு ஆளு வேணும்!" அந்த ஆள் யார் என்று சொல்ல மாட்டார். நெஞ்சில் கையை வைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுவார்.

வெளியே போய்ப் பரிசு வாங்கி வரும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சடங்கு உண்டு. வாங்கிய கோப்பையைத் திங்கட்கிழமை கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டு, நடுவில் நின்று, மறுபடி அந்தப் பிள்ளைக்கே வழங்குவார். ஆய்வக உதவியாளர் தவசிமுத்து செல்போனில் படம் எடுப்பார். அதற்குப் பின் கோப்பை அலமாரிக்குள் போகும், பூட்டு விழும், சாவி சார் சட்டைப் பையில்.

அப்படி எடுத்த படங்களில் சிறந்தது என்று அவர் நினைத்த ஒன்று சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. பால்பாண்டி என்ற பையன் மாவட்டச் சிலம்பப் போட்டியில் ஜெயித்த கோப்பை. படத்தின் நடுவில் சார், சார் கையில் கோப்பை, இடது ஓரத்தில் ஒரு முழங்கை. கீழே 'சிலம்பக் கோப்பையுடன் நமது தலைமையாசிரியர்' என்று எழுதியிருந்தது. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலம்பம் சுற்றியது சார்தான் என்று நம்பிக்கொண்டு, சில மாதம் அவரைக் கண்டு கூடுதலாகப் பயந்தார்கள்.

இந்த வருடக் கலைத் திருவிழாவுக்குப் பொறுப்பு தமிழாசிரியை சிவரஞ்சனி. பள்ளி அளவிலான போட்டியில் பரதமும் வந்தது, பறையும் வந்தது, களிமண்ணில் யானை செய்து அது பன்றியாக முடிந்த கதையும் நடந்தது. கடைசியில் பலகுரல் போட்டி. பிளஸ் ஒன் படிக்கும் மாரிச்செல்வி மேடையேறினாள். ஒல்லியான பெண். மைக்கைப் பிடித்தாள். மூன்று தட்டுத் தட்டினாள்.

"கேக்குதா? பின்னாடி கேக்குதா?"

மைதானம் கொல்லென்று சிரித்தது. ஆசிரியர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். சிவரஞ்சனி பயந்து பயந்து தலைமையாசிரியரைப் பார்த்தார். அவரோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது யாருன்னு தெரியுதா? நம்ம ராஜபாளையம் சுப்புராஜ் சாரு! அச்சு அசலா அவரேதான்!"

சுப்புராஜ் ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். மாநிலக் கோப்பை இரண்டு வைத்திருப்பவர். அதனாலேயே சுந்தரபாண்டியனுக்கு அவரைக் கண்டால் ஆகாது. மேடையில் மாரிச்செல்வி பிளவக்கல் அணையைப் பற்றிப் பேசி நெஞ்சில் கையை வைத்தபோதுதான் அவர் சிரிப்பு ஒரு கணம் நின்றது.

"பாத்தீகளா டீச்சர்! என் வசனத்த எப்பத் திருடுனாரு இந்த மனுசன்?"

"தெரியலயே சார்," என்றார் சிவரஞ்சனி. வேறு என்ன சொல்வார்? விடுப்பு வேண்டுமென்றால் நாளைக்கும் இதே முகத்தைத்தானே பார்த்தாக வேண்டும்.

போட்டி முடிந்ததும் சார் அவளைக் கூப்பிட்டார். "ஏட்டி, பிரமாதமாப் பண்ணுத. எம்புட்டு நாளாக் கவனிச்ச அவர?"

மாரிச்செல்வி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மரத்தைப் பார்த்தார். "தெனமும் கேக்குறதுதான சார்," என்றாள்.

யூடியூபில் கேட்டிருப்பாள் என்று சார் எடுத்துக்கொண்டார். "இந்தப் பிள்ள பேரென்ன டீச்சர்?"

"மாரிச்செல்வி சார்."

"சரி, பேரா முக்கியம்? பள்ளிக்கூடத்துப் பேருல்லா முக்கியம்!"

மாரிச்செல்வி இந்த வரியையும் மனதில் போட்டுக்கொண்டாள்.

வட்டாரப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில். முன்வரிசை முழுக்கத் தலைமையாசிரியர்கள். வெளி வட்டாரத்திலிருந்து நடுவராக வந்தவர், யாரென்று பார்த்தால், சுப்புராஜ். சுந்தரபாண்டியன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பாட்டுடைத் தலைவரே மார்க் போடப் போகிறாரே! மாரிச்செல்வி ஆரம்பித்தாள். "பேரா முக்கியம்?" என்று அவள் கேட்டதும் முன்வரிசை முழுக்கக் குலுங்கியது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடித்து, தள்ளி உட்கார்ந்திருப்பவரைக் கண்ணால் காட்டினார்கள். தன்னையே காட்டிக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

முதலிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார் சுப்புராஜ். "ஏமண்டி சுந்தரபாண்டியன் சார், நம்ம வத்திராயிருப்புப் பக்கத்து எச்.எம்.ம இப்படியா போட்டுக் கிழிக்கிறது உங்க பொண்ணு!"

சுந்தரபாண்டியனுக்கு சுப்புராஜ் மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. தன் குரலைத் தானே அறியாத மனிதர் ஒருவர் எப்படித்தான் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி மேய்க்கிறாரோ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சிவரஞ்சனி ஜன்னல் வழியே கரும்புக் காட்டைப் பார்த்தபடி 'உம்' கொட்டினார்.

மாவட்டப் போட்டி ராஜபாளையத்தில், சுப்புராஜின் பள்ளியிலேயே. இங்கே நேரம் கொஞ்சம் கூடுதல். அதற்காக மாரிச்செல்வி புதிதாக ஒரு பகுதி சேர்த்திருந்தாள். பேச்சு முடிந்ததும் கீழே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, கோப்பைபோல நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். வயிற்றை உள்ளே இழுத்தாள். எதிரே இல்லாத ஒரு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏலே, எடுத்துட்டியா? இரு, இரு. அந்தப் பிள்ளையக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. கப்பு மறைக்குது!"

அரங்கம் அதிர்ந்தது. சுப்புராஜ் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சுந்தரபாண்டியனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அப்படியே இருந்தார். அவர் கண் முன்னே வந்து நின்றது, சுவரில் தொங்கும் அந்த முழங்கை. அன்றைக்குப் பால்பாண்டியைத் தள்ளி நிற்கச் சொன்னது சுப்புராஜ் இல்லையே.

முதலிடம் அறிவித்தபோது எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்கார்ந்து, மனைவி அங்காளம்மாளிடம் கேட்டார்: "ஏம்மா, நான் மைக்குல பேசுதது எப்படி இருக்கும்?"

"மைக்குல வேற பேசுதீகளா? வீட்டுல பேசுததுதான் அம்புட்டுன்னு நெனச்சேன்," என்றாள் அங்காளம்மாள்.

அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். ஒரு மாவட்டமே சிரித்திருக்கிறது, அதற்கு முன்னாலேயே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவர் இவர். மறுநாள் காலை சிவரஞ்சனியை அழைத்தார். "டீச்சர், மாநிலத்துக்கு வேற ஏதாச்சும் பண்ணட்டும். தரமா இருக்கணும். ரயிலு, மயிலு, குயிலு..."

"இதுக்குத்தான சார் பரிசு குடுத்துருக்காக."

"சொன்னதச் செய்ங்க."

நான்கு நாள் கழித்து மாரிச்செல்வி அவர் அறையில் நின்று செய்து காட்டினாள். ரயில் ரயில் மாதிரியே போனது. மயில் மயில் மாதிரியே அகவியது. குறை சொல்ல ஒன்றுமில்லை, சிரிக்கவும் ஒன்றுமில்லை. மாநிலம் முழுக்க இருந்து வரப்போகிற மயில்களுக்கு நடுவில் இந்த மயில் எந்தத் தோகையை விரித்தாலும் எடுபடாது என்று அவருக்குத் தெரிந்தது. செய்து முடித்து, கையைக் கட்டிக்கொண்டு, "போதுமா சார்?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவர் மேல்தட்டு விரிப்பைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "அந்தப் பால்பாண்டி... அவன் இப்ப எங்க இருக்கான்?"

"எங்க பெரியப்பா மகன்தான் சார். மில்லுக்குப் போறான். போலீஸ் வேலைக்கு ஆளெடுத்தப்ப சர்டிபிகேட்டோட இந்த போட்டாவையும் ஆசையாக் கொண்டு போயிருக்கான். 'இதுல நீ எங்கடா இருக்க'ன்னு கேட்டாகளாம். அந்த முழங்கையக் காட்டியிருக்கான். எல்லாரும் சிரிச்சிட்டாகளாம்."

தம்பி போலீஸான அன்று வீட்டில் எடுத்த படத்தில் மாடு கன்று உட்பட எல்லோர் முகமும் தெரிந்தது சாருக்கு ஏனோ நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. கோப்பையும் வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து அவரை ஒரு முடிவுக்குத் தள்ளின.

"பழசையே பண்ணு."

"கப்பு மறைக்குதுங்கிறதும் இருக்கட்டுமா சார்?"

"இருக்கட்டும்." அவள் வாசல் வரை போனதும் மறுபடி கூப்பிட்டார். "செத்த நில்லு. அங்கன யாராச்சும் இது யாருன்னு கேட்டா... சுப்புராஜ் சாருன்னு சொல்லிரு."

மாநிலப் போட்டிக்கு அவர் போகவில்லை. ரத்த அழுத்தம் என்றார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிவரஞ்சனி அனுப்பிய வீடியோவைப் பார்த்தார். இரண்டாவது முறை பார்த்தபோது, தன்னையறியாமல் சிரித்தார். பலகுரலில் மாரிச்செல்விக்கு மாநிலத்தில் இரண்டாம் இடம். கோப்பை வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலைக் கூட்டம். சார் மைக் முன்னே வந்து நின்றார். தட்டக் கையைத் தூக்கி, தூக்கிய கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கே பிளஸ் டூ வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். மாரிச்செல்வி கோப்பையைக் கொண்டு வந்து கொடுத்தாள். நல்ல கனம். எத்தனையோ வருடமாக எதிர்பார்த்த கனம். அதைப் பிடித்ததும் மனிதருக்கு எல்லாம் மறந்து போய்விட்டது. நடுவில் போய் நின்றார். வயிறு தானாக உள்ளே போனது. தவசிமுத்து செல்போனைத் தூக்கினார். பழகிய வாய் சும்மா இருக்குமா?

"ஏலே தவசி, அந்தப் பிள்ளையக் கொஞ்சம்..."

"தள்ளி நிக்கச் சொல்லு, கப்பு மறைக்குது!" என்று மைதானம் மொத்தமும் ஒரே குரலில் முடித்து வைத்தது. ஆசிரியர்கள் வரிசையிலிருந்தும் இரண்டு குரல்கள் சேர்ந்திருந்தன.

சிரிப்பு அடங்க நேரமானது. தலைமையாசிரியரின் காது சிவந்துவிட்டது. மாரிச்செல்வி தரையைப் பார்த்தபடி நின்றாள். அவர் கோப்பையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அவள் கையில் கொடுத்தார். அவளை நடுவுக்கு நகர்த்திவிட்டு, இடது பக்கமாகத் தள்ளிப் போனார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்.

"பிளஸ் ஒன் மாரிச்செல்வி," என்றார் மைக் இல்லாமலே. பின்வரிசை வரை கேட்டது. "எடுலே தவசி."

தவசிமுத்துவுக்கோ பழக்கதோஷம். சாரையும் எப்படியாவது படத்துக்குள் கொண்டு வந்துவிடப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து பார்த்தார். முடியவில்லை.

ஜூன் மாதம் புதிய தலைமையாசிரியர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தவர் சுவரின் முன்னே நின்றார். அருகருகே இரண்டு படங்கள். பழைய படத்தின் எழுத்தை அடித்துவிட்டு, ஓரத்து முழங்கைக்கு ஓர் அம்புக்குறி போட்டு, 'சிலம்பத்தில் மாவட்ட முதலிடம்: பால்பாண்டி' என்று யாரோ கையால் எழுதியிருந்தார்கள். புதிய படத்தில் கோப்பையோடு ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயரும் வகுப்பும் கீழே இருந்தன. அதிலும் இடது ஓரத்தில் ஒரு முழங்கை. அதற்குப் பெயர் இல்லை.

"என்ன டீச்சர், மாநிலக் கோப்பை வாங்கியிருக்கீக, போட்டோவுல எச்.எம். இல்லாமலா எடுத்தீக?" என்றார் புதியவர், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே.

சிவரஞ்சனி அந்த முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.