லைனில் இருக்கிறான்

கம்ப்யூட்டர் கிணுகிணுவென்று கூப்பிட்டபோது அன்னாள் தன் புருஷன் ஸ்தனிஸ்லாஸின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். தொண்டையில் ஆபரேஷன் செய்த ஓட்டை ஊருக்குத் தெரிய வேண்டாம். கை அப்படியே நின்றுவிட்டது.

“அத்தை, பிராங்கிளின் மச்சான்!” உள் அறையிலிருந்து அண்ணன் மகள் ரீனா கத்தினாள்.

பாவிப்பயல், இப்போதாவது வந்தானே! விடியும்போது அப்பன் கண்ணை மூடியதிலிருந்து மகன் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். நடுக்கடலில் செல்போன் எடுக்காது. வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே கிடக்கும். ஸ்தனிஸ்லாஸ் மட்டும், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் பழகிய டெல்நெட் என்ற பழைய கம்ப்யூட்டர் லைனை வைத்து, கப்பல் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்துவிடுவார். லைன் திறந்தே கிடக்கும், அங்கிருந்து அவனும் கூப்பிடலாம். கறுப்புத் திரை, தமிழைக்கூட இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். மேல் பாதியில் இவர் பேச்சு, கீழ்ப் பாதியில் அவன் பேச்சு. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட அந்தப் பக்கம் தெரியும், அழித்தாலும் தெரியும். குரல் போன மனுஷனுக்கு அதுதான் வாயாக இருந்தது.

அன்னாள் அதன் பக்கமே போனதில்லை. “அம்மா எப்ப வந்து பேசுவாங்க?” என்று அவன் கேட்கும்போதெல்லாம், “மொதல்ல வீட்டுக்கு வரச் சொல்லுங்க, நேர்ல பேசிக்கிறேன்” என்பாள்.

“நீயே சொல்லிரு ரீனா.”

“ஐயோ, நான் மாட்டேன் அத்தை. அத எந்தக் கையால அடிக்கிறது? நீங்க வாங்க, செத்த நேரத்துல லைன் போயிரும்.”

மாதா கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மரியராஜ் சவப்பெட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “போட்டுறலாமாக்கா? சாமியார் கோயில்ல காத்துக்கிட்டு இருக்காரு.”

“எம்புள்ளைக்குத் தெரியாம மூடியப் போட்டீங்க, நானும் உள்ள படுத்துக்கிருவேன்!”

அவர் மூடியைச் சுவரில் சாத்திவிட்டு ஒதுங்கினார்.

ரீனா எழுத்துகளைக் காட்டக் காட்ட, அன்னாள் ஒற்றை விரலால் மகன் பெயரை அடித்தாள். பாதி அடிப்பதற்குள் கீழே பதில் ஓடி வந்தது.

“அப்பா! ஏன் லேட்டு? கை நடுங்குதா? மெதுவா அடிங்க, நான் இருக்கேன்.”

அன்னாள் ‘அப்பா’ என்று அடித்தாள். அதற்கு மேல் விரல் இறங்கவில்லை. அழித்தாள். மறுபடி அடித்து மறுபடி அழித்தாள். கடவுளே, கட்டின புருஷன் செத்ததைப் பெற்ற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டியா சொல்ல வேண்டும்!

“என்னப்பா அழிச்சுக்கிட்டே இருக்கீங்க? வலிக்குதா? ஒண்ணு சொல்றேன். லீவு கெடச்சிருச்சு. அடுத்த துறைமுகத்துல எறங்கி நேரா திண்டுக்கல்தான். அம்மாட்ட மட்டும் சொல்லிறாதீங்க. திடுதிப்புனு வந்து நிக்கணும்.”

ரீனா முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அன்னாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கூடத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடித் தேடி ஒரே ஒரு சொல்லை அடித்தாள்.

‘அம்மா.’

ஓடிக்கொண்டிருந்த கீழ்ப் பாதி நின்றுவிட்டது.

வாசற்படியில் மரியராஜ் வந்து நின்றார். “லைன் போயிருச்சாக்கா?”

“இல்ல. இருக்கான்.”

கீழே ஓர் எழுத்து வந்தது. அழிந்தது. மறுபடி வந்தது, அழிந்தது. அன்னாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மூடியைத் தூக்க வேண்டாம் என்று பின்னால் கையைக் காட்டினாள்.