ஆள் போன பிறகும் அந்த அறை

கதவைச் சாத்திக்கொண்டு அவள் போய்விட்டாள். பிறகும் ஏன் நான் இந்த அறையிலேயே நிற்கிறேன்?

காலையிலிருந்து நிரூபாவுக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஜன்னலுக்கு வெளியே, கனடாவின் ஸ்காபரோவில் பனி கொட்டியது. அவள் கண்ணில் நின்றதோ ஒரு கட்டில், ஆறிப்போன தேநீர், தானாக அசையும் திரைச்சேலை.

அவள் தமிழாக்கிய சீன நாவலில் மகள் வீட்டைவிட்டுப் போகும் இடம் அது. எழுதியவள் மகளுக்குப் பின்னால் போகவில்லை. கமராவை அறைக்குள் மறந்துவிட்டவள்போல ஒரு பக்கம் முழுக்க வெறுமையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு, அந்தக் காலத்துச் சீனத் தேநீர்க்கடைக் கதைசொல்லி மேசையில் மரக்கட்டையைத் தட்டுவதுபோல, ‘தாய் என்ன செய்தாள்? இளைப்பாறிவிட்டு வாருங்கள், சொல்கிறேன்’ என்று அத்தியாயத்தை நிறுத்துகிறாள். அடுத்தது வேறு ஊர், வேறு பருவம். தாயின் அழுகை எங்குமே வருவதில்லை.

பக்கத்து மார்க்கம் நகரில் சீனப் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்தபோது காதால் பிடித்து, பின்னேர வகுப்பில் எழுத்தாகக் கற்ற மொழி. இது நிரூபாவின் முதல் புத்தகம்.

கோப்பிக் கடையில் பதிப்பாளர் அன்புராசா அச்சுப்படியோடு காத்திருந்தார்.

“வாரும் தங்கச்சி. நல்லா வந்திருக்கு. உந்த இடத்திலை மட்டும் ஒரு பக்கம் துலைஞ்சு போச்செண்டு நினைச்சு, நானே எழுதிச் சேர்த்திட்டன்.”

அவள் வாசித்தாள். ‘தாய் கட்டிலில் விழுந்து, பெற்ற வயிறு பற்றி எரிய, ஓவென்று கதறினாள்.’

“ஒண்டும் துலையேல்லை, அண்ணை. அவ அப்பிடித்தான் எழுதியிருக்கிறா.”

“மகள் போறாள், தாய் அழமாட்டாளே? சனம் என்னையெல்லோ பேசும்! அதுக்குள்ளை ஒருத்தன் வந்து இளைப்பாறச் சொல்லுறான். இடைவேளையே? வடை விக்கிறதே?”

நிரூபாவுக்கும் சிரிப்பு வந்தது. “அது அவையின்ரை பழைய கதைப் பழக்கம். நிப்பாட்டி, ஆக்களைக் காக்க வைக்கிறது. இவ திரும்பி வந்து சொல்லாமல், படத்திலை வெட்டுற மாதிரி வெட்டிட்டா.”

“விளங்குது. ஆனா எங்கடை ஆக்களுக்கு அழுகை வேணும். ஓம் எண்டால் நாளைக்கே அச்சுக்குப் போகும். இல்லையெண்டால் என்னாலை ஏலாது. உம்மடை முதல் புத்தகம், யோசியும்.”

அவள் யோசித்தாள். மகள் நிலாணி வன்கூவருக்குப் போன காலை. மகளின் அறை வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. பாதி இழுத்த மேசை லாச்சி. சுவரில் மறந்துபோன சார்ஜர். வெயில் கட்டிலில் ஏறி, தலையணையைக் கடந்து, இறங்கிப் போனது. கண்ணீர் வரவில்லை. அழவில்லையா என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் எதுவும் இருக்கவில்லை, இந்தப் பக்கத்தை வாசிக்கும் வரைக்கும்.

கோப்பியின் ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து, தெரு மங்கியது. அன்புராசா பேனையை அவள் பக்கம் நகர்த்தினார்.

நிரூபா அதை எடுத்து, அவருடைய வரிகளின் மேல் மெல்லக் கோடு இழுத்தாள். அச்சுப்படியை மூடி அவரிடமே கொடுத்தாள்.

“வேண்டாம், அண்ணை,” என்றாள். “அவ அழேல்லை.”