குதிகால் அளவு

பனி குடித்த கம்பளம் எருமைக் கனம் கனக்கும், பறக்காது. அதனால் விடியுமுன் கொட்டகைக் கயிறுகளில் போட்டுப் பிரம்பால் அடிப்போம். அடித்த தூசி அத்தனையும் எங்கள் தொண்டைக்குள்தான் போகும்.

பன்னிரண்டு ஓட்டுநர்களில் அன்று பதினோரு பேர்தான் இருந்தோம். முந்தாநாள் நெட்டையனின் கம்பளம் நடுவானில் சரிந்தது. பயணிகள் ஒரு மொட்டைமாடியில் தப்பினார்கள். அவனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஓட்டும்போது அவன் தூங்கிவிட்டான் என்று முதலாளி கேட்டபடி நாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவனுக்கு வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உக்காருப்பா. டீ சொல்லவா?"

அவர் டீ சொன்னால் நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

"மத்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீதான் பாக்கி. போட்டா வரப்போற புதுக் கம்பளம் உனக்கு."

"பத்துப் பேர் போட்டிருந்தா என்னுது எதுக்கு முதலாளி?"

நான் சந்தையில் வளர்ந்தவன். 'ஒண்ணுதான் மிச்சம்' என்கிற கடைக்காரனிடம் உள்ளே மூட்டை மூட்டையாக இருக்கும். ஆனாலும் கொட்டகைக்குத் திரும்பியதும் ஒவ்வொருவன் விரலிலும் மைக்கறை தேடினேன். அவர்களும் என் விரலைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் கம்பளங்களைத் தைப்பவள் நெட்டையன் சம்சாரம். விழுந்த கம்பளத்தை விரித்து வைத்திருந்தாள்.

"அண்ணே, இந்த ஓரத்தையல் என்னோடது இல்ல. ஒரு சாண் வெட்டியிருக்காங்க. உங்களுது எப்படி?"

ஓட்டுபவன் படுத்தால் தலையும் குதிகாலும் கம்பளத்துக்குள் அடங்க வேண்டும். குறைந்தால் பாரம் தாங்காது. என் கம்பளத்தில் படுத்தேன். குதிகால் சிமென்ட் தரையில் சில்லிட்டது.

"மூணு மாசமாத் தெரியும்மா. நான் தேச்சுட்டேன்னு பழி வருமேன்னு வாயைத் திறக்கல."

எங்களில் மூத்தவனான மொட்டையும் படுத்தான். "நான் வளந்துட்டேன்னுல்ல நினைச்சேன்."

"அம்பது வயசுலயா மாமா?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

ஒவ்வொருவராகப் படுத்தார்கள். பதினோரு ஜோடிக் குதிகால்களும் தரையில்.

"பன்னெண்டு துண்டையும் ஒட்டுப் போட்டா ஒரு புதுக் கம்பளம்" என்றாள் அவள்.

முதலாளி எனக்கு ஆசை காட்டிய அதே கம்பளம். மற்றவர்களுக்கும் காட்டியிருப்பார்.

கூரையைப் பார்த்தபடியே கேட்டேன்: "யாரு கையெழுத்துப் போட்டது?" முகம் பார்க்காமல் கேட்பது சுலபம்.

"நான் போடல." "நான் இல்லப்பா." "நானும் இல்ல."

மொட்டை கடைசியாகச் சொன்னான்: "பத்து மணிக்குப் போடறேன்னு சொல்லியிருந்தேன். இனி மாட்டேன்."

வெளியே பயணிகள் வரிசை நீண்டது. முதலாளி உள்ளே வந்தார்.

"என்னய்யா, கிளம்பற நேரத்துல படுத்துக் கிடக்கீங்க?"

"தூங்கறோம் முதலாளி" என்றேன். "பதினோரு பேரையும் சேத்து எழுதிக்குங்க."

"ஓட்ட வேற ஆள் கிடைக்காமலா போயிடும்?"

"கிடைப்பான். ஒரு தடவை படுத்துப் பாத்துட்டு ஏறச் சொல்லுங்க."

அவர் கதவருகே நின்று எங்களை எண்ணினார். நெட்டையன் சம்சாரம் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, புருஷனின் கம்பளத்தை எங்கள் வரிசையில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தரை சில்லென்றுதான் இருந்தது. யாரும் காலை மடக்கவில்லை.